ஜின்செங் விதை நுவரெலியா மண்ணில் முளைக்குமா? குளிர் மட்டும் போதாது என்கிறார்களே, ஏன்?

கந்தப்பளை_கரட்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கந்தப்பளையில் கரட், லீக்ஸ், கிழங்கு செய்கிறேன். தென்கொரியாவில் வேலை செய்யும் மச்சான் மருந்து வேர்ச்செடியான ஜின்செங்கின் விதை அனுப்பட்டுமா என்று கேட்கிறார். யூடியூபில் ஒருவர் மூன்று மாதம் பிரிட்ஜில் வைத்தால் முளைத்துவிடும் என்கிறார். இன்னொருவர் விதை விழுந்து முளை வெளியே வர 18 மாதம் ஆகும் என்கிறார். எது சரி? குளிர்தான் வேண்டும் என்றால் நுவரெலியாப் பக்கத்தை விடக் குளிரான இடம் இந்த நாட்டில் எங்கே இருக்கிறது? மண்ணில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் போதாதா? விதைக்குள்ளே என்னதான் நடக்கிறது என்று தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள். காசைப் போட்டுவிட்டு ஏமாற விருப்பமில்லை.

தேயிலைத்தூர்:

மற்றவர்கள் விஞ்ஞானம் சொல்வதற்கு முன் ஒரு விஷயம். மச்சானைப் பொதிக்குள் போட்டு அனுப்பச் சொல்லாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கட்டுநாயக்காவில் உள்ள தாவரத் தொற்றுக்காப்புச் சேவையிடம் முதலில் அனுமதி எடுக்க வேண்டும், கொரியாவிலிருந்து தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வர வேண்டும். 1869இல் இலைத்துரு வந்து காப்பித் தோட்டங்கள் எல்லாம் போன நாடு இது. அதனால்தான் நம் பாட்டன் பூட்டன் தேயிலைக்கு மாறினார்கள். இதைக் கெடுபிடி என்று நினைக்காதீர்கள்.

பண்டாரவளை_வாத்தியார்:

தம்பி, அந்த யூடியூப்காரர்கள் இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி சொல்லியிருக்கிறார்கள். ஜின்செங் வித்துக்கு இரண்டு பூட்டு. முதல் பூட்டு இளஞ்சூட்டில் திறக்கும், இரண்டாவது குளிரில் திறக்கும். முதலாவதைத் திறக்காமல் இரண்டாவதில் கை வைத்துப் பயனில்லை.

பழம் சிவந்து விழும்போது வித்து பார்வைக்கு நன்றாக முற்றித்தான் இருக்கும். பிளேடால் நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே ஏறக்குறைய முழுவதும் வித்தகவிழையம், அதாவது சேமித்த உணவு. முளையம், அதாவது செடியாக வளரப்போகும் கரு, ஒரு முனையில் அரை மில்லிமீற்றர் அளவில் ஒரு புள்ளியாகக் கிடக்கும். வித்தின் நீளம் ஐந்து மில்லிமீற்றர் அளவு இருக்கும்போது முளையம் இவ்வளவுதான். அந்தப் புள்ளி வேர், தண்டு, வித்திலை என்று வடிவெடுத்து வளர்வதெல்லாம் தாய்ச்செடியை விட்டு விழுந்த பிறகுதான். அதற்கு ஈரமணலும் 15 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பமும் வேண்டும், மூன்று மாதம் போல ஆகும். முளையம் வித்தகவிழையத்தின் பாதி நீளத்தைத் தாண்டி வளரும்போது கடினமான ஓடு விளிம்பில் வெடித்து வாய் திறக்கும். சிலர் ஓட்டுக்குள் தண்ணீர் போகாது என்று நினைத்து மணற்தாளில் தேய்க்கிறார்கள். வீண் வேலை. ஓட்டினூடாகத் தண்ணீர் தாராளமாகப் போகும்.

வாய் திறந்தாயிற்று என்று நட்டாலும் முளைக்காது. அதற்கப்புறம்தான் 0 முதல் 5 பாகைக் குளிர், அதுவும் மூன்று நான்கு மாதம். பிறகு மண் சற்றுச் சூடானதும் முளை வெளியே வரும்.

இப்போது அந்த 18 மாதக் கணக்கு விளங்கும். அமெரிக்க ஜின்செங் ஆகஸ்ட், செப்டெம்பரில் பழுத்து விழுகிறது. உடனே குளிர்காலம் வந்துவிடுகிறது. ஆனால் முளையம் வளராத நிலையில் வரும் அந்தக் குளிர் வீணாகிப் போகிறது. அடுத்த கோடையில் முளையம் வளர்கிறது, அடுத்த குளிர்காலம் இரண்டாவது பூட்டைத் திறக்கிறது, அதற்கடுத்த வசந்தத்தில் முளைக்கிறது. 18 முதல் 22 மாதம் வரை போகும். பறித்தவுடனேயே நேரே பிரிட்ஜில் வைக்கிறவர் அந்த முதல் குளிர்காலத்தைத்தான் பெட்டிக்குள் நடத்துகிறார்.

உயர்தர_உயிரியல்:

சேர், ஒரு சந்தேகம். வாற்கோதுமையில் முளையம் கிபரலின் என்ற ஓமோனைச் சுரக்க, வித்தகவிழையத்தின் வெளிப்புறமான அலூரோன் படையில் அமிலேசு நொதியம் உருவாகி, மாப்பொருள் வெல்லமாகும் என்று படித்தோம். ஜின்செங்கிலும் அதுதானே நடக்கும்?

சோதனைக்குழாய்:

பேராதனைப் பக்கம் ஒரு வித்து ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன், இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

தங்கச்சியோ தம்பியோ, நீங்கள் படித்தது வாற்கோதுமைக்குச் சரி. ஜின்செங் வித்தில் முக்கியமான சேமிப்பு எண்ணெயும் புரதமும்தான், மாப்பொருள் கதை அங்கே பெரிதாக எடுபடாது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. தானியத்தின் மாப்பொருள் நிறைந்த பகுதி இறந்த கலங்கள். ஜின்செங்கின் வித்தகவிழையம் உயிருள்ள கலங்கள், தாமே நொதியம் தயாரிக்கக் கூடியவை. உயிர் இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிறமற்ற தெத்திராசோலியம் கரைசலில் ஊறவைத்தால் உயிருள்ள இழையத்தில் உள்ள ஐதரசனகற்றும் நொதியங்கள் அதைச் சிவப்பாக மாற்றும். நல்ல ஜின்செங் வித்து முளையம் மட்டுமல்லாமல் வித்தகவிழையமும் சேர்ந்து சிவக்கும்.

இளஞ்சூட்டு மாதங்களில் நடப்பது இதுதான். கலத்துக்குள் எண்ணெய் சிறுசிறு துளிகளாக இருக்கிறது. லிப்பேசு என்ற நொதியம் அதைக் கொழுப்பமிலமாக உடைக்கும். கொழுப்பமிலம் கிளையொக்சிசோம் என்ற நுண்பையினுள் போய், இரண்டிரண்டு காபனாகத் துண்டாகும். அந்தத் துண்டுகளைக் காபனீரொட்சைட்டாக எரித்துவிட்டால் முளையத்துக்குக் கட்டுமானப் பொருள் கிடைக்காது. அதனால் கிளையொக்சலேற்று வட்டம் என்ற குறுக்குப்பாதை. ஐசோசித்திரேற்று லையேசும் மலேற்று சிந்தேசும் அந்த வட்டத்தின் இரண்டு விசேட நொதியங்கள். அவற்றின் உதவியால் காபன் இழப்பைத் தவிர்த்து, கடைசியில் சுக்குரோசு உருவாகிறது. கரையக்கூடியது என்பதால் அது முளையத்துக்கு நகர்ந்து போகும். எண்ணெய் குறையக் குறைய வெல்லம் கூடுவதை ஆய்வுகூடத்தில் அளந்தே பார்க்கலாம். பக்கத்திலேயே புரதம் அமினோ அமிலமாக உடைகிறது. பைற்றிக் அமிலமாகப் பூட்டி வைத்த பொசுபேற்று விடுபடுகிறது. புதிய கலத்துக்கு டிஎன்ஏயும் ஏடிபியும் செய்ய அந்தப் பொசுபேற்று இல்லாமல் முடியாது.

கரட்காரன் அண்ணன் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. கொழுப்பமிலம் உடையும்போது கிளையொக்சிசோமுக்குள் ஐதரசன் பேரொட்சைட்டு உருவாகும். அது நஞ்சு. கற்றலேசு என்ற நொதியம் உடனுக்குடன் அதை நீராகவும் ஒட்சிசனாகவும் மாற்றிவிடும். எண்ணெய் வித்து மாப்பொருள் வித்தை விட ஒட்சிசனுக்குப் பசி கூடியது, ஏனென்றால் கொழுப்பை உடைக்க ஒட்சிசன் அதிகம் வேண்டும். விதையைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால், அல்லது மணல் சேறாகித் தண்ணீர் நின்றால், முளையம் வளராமல் நின்றுவிடும். அப்புறம் பூஞ்சணம் வேலையை முடித்துவிடும்.

முளையம் வளர இடமும் வேண்டுமே. அதைச் சுற்றியுள்ள வித்தகவிழையக் கலங்கள் கரைந்து ஒரு வெற்றிடம் உருவாகும், முளையம் அதற்குள் நீளும். காப்பிக் கொட்டையில் இந்த வேலையைச் செய்வது மன்னனேசு என்ற நொதியம். அங்கே கலச்சுவர் மன்னன் என்ற சர்க்கரைச் சங்கிலியால் ஆனது, காப்பிக் கொட்டை அவ்வளவு கடினமாக இருப்பது அதனால்தான்.

கந்தப்பளை_கரட்காரன்:

அக்கா, விளக்கத்துக்கு நன்றி. ஒரு பகுதி தலைக்கு மேலே போனாலும் பொலித்தீன் பை விஷயம் பிடிபட்டது. அப்படியென்றால் குளிர் என்ன செய்கிறது? முளையம்தான் வளர்ந்துவிட்டதே?

சோதனைக்குழாய்:

குளிரில் வெளியே பார்க்க ஒன்றும் நடக்காது. முளையமும் பெரிதாக நீளாது. மாறுவது ஓமோன் சமநிலை.

அப்சிசிக் அமிலம் முளைக்காதே என்று தடுக்கும் ஓமோன். கிபரலின் முளை என்று தூண்டும். ஜின்செங் வித்தில் உறக்கம் கலையக் கலைய முதலாவது இறங்குகிறது, இரண்டாவது ஏறுகிறது. தனித்தனி அளவைவிட இரண்டுக்கும் இடையிலான விகிதம்தான் முக்கியம். அப்சிசிக் அமிலம் தானாகக் கரைந்து போவதில்லை. அதன் எட்டாவது காபனில் ஐதரொட்சில் கூட்டத்தை ஒட்டும் ஒரு நொதியம் இருக்கிறது. ஒட்டியதும் அது பசெயிக் அமிலமாக மாறி வலுவிழந்துவிடும். கிபரலின் பக்கத்தில், செயலற்ற வடிவத்தைச் செயலுள்ளதாக மாற்றும் கடைசிப் படி ஒன்று உண்டு. அந்த நொதியத்தின் மரபணுவைக் குளிர் தூண்டிவிடுகிறது என்பது அரபிடொப்சிசு என்ற ஆய்வுச் செடியில் தெளிவாகக் கண்டது. கிபரலின் வந்ததும் டெல்லா என்ற தடுப்புப் புரதங்கள் அழிக்கப்படுகின்றன. அவை இருக்கும்வரை முளைப்பு மரபணுக்கள் அடங்கிக் கிடக்கும்.

0 முதல் 5 பாகையில் பொதுவாக எந்த நொதியமும் மெதுவாகத்தான் ஓடும். அந்த நேரத்தில் ஒரு சில மரபணுக்கள் மட்டும் வேகமெடுப்பதுதான் இங்கே விசேடம். ஆனால் உறைபெட்டி கூடாது. ஈரமான வித்து அந்தக் கடுங்குளிரில் உறைந்தால் கலத்துக்குள் பனிக்கட்டி கீறி எல்லாம் செத்துவிடும்.

கும்சான்_தம்பி:

நான் கும்சானில் இருக்கிறேன், கொரியாவின் ஜின்செங் பேட்டை இதுதான். பெரியவர்கள் சொன்ன இரண்டையும் இங்கே தோட்டத்தில் பார்க்கலாம். பெரும்பாலும் நாலு வயதுச் செடியில் ஜூலை மாதத்தில் சிவப்புப் பழம் பறிப்பார்கள். சதையைக் கழுவி எடுத்துவிட்டு, அடியில் தண்ணீர் வடியும் தொட்டியில் மணல் ஒரு படை, விதை ஒரு படை என்று அடுக்குவார்கள். வெயில் படாத இடம். நாளாந்தம் தண்ணீர் விடுவார்கள், ஆனால் நிற்கவிட மாட்டார்கள். நூறு நாள் போல. ஒக்டோபர் கடைசி, நவம்பரில் சல்லடையால் அரித்து எடுக்கும்போது விதை எல்லாம் வாய் பிளந்து இருக்கும். பிளக்காததை ஒதுக்கிவிடுவார்கள். பிளந்ததை அப்போதே மண்ணில் போட்டால் குளிர்காலம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மார்கழி, தையில் இங்கே நிலம் இறுகிப்போகும், அந்தக் குளிரை நுவரெலியாவோடு ஒப்பிடாதீர்கள் அண்ணே.

இன்னொன்று. எந்தக் கட்டத்திலும் விதையைக் காயவிட மாட்டார்கள். கடையில் உலர்த்திப் பொதி செய்து தருவதை வாங்கவே வேண்டாம். மச்சானிடம் வாய் பிளந்த விதையா, பச்சை விதையா என்று கேளுங்கள்.

தேயிலைத்தூர்:

காயவிடக் கூடாது என்பது எங்களுக்குப் பழக்கமான விஷயம். தேயிலை விதையும் காய்ந்தால் செத்தது. தண்ணீரில் போட்டு, மிதப்பதை எறிந்துவிட்டு, தாழ்ந்ததை மணலில் பரப்பி, ஓடு வெடித்ததும் நாற்றுத் தவறணைக்குக் கொண்டு போவார்கள். ஆனால் தேயிலை விதைக்கு இந்தக் குளிர் நாடகம் எதுவும் இல்லை.

அப்புறம் இணையத்தில் ஜின்செங் விதை என்று கடுகை விடச் சின்னதாகக் கறுப்பாக மினுங்கும் விதை விற்கிறார்கள். அது ஜாவா ஜின்செங் என்று பெயர் வைத்த ஒரு கீரைவகைச் செடி, சும்மா தூவினாலே முளைக்கும். உண்மையான ஜின்செங் விதை வெளிறிய மஞ்சள், தட்டை, அரைவட்டம் போல இருக்கும். முளைத்துவிட்டது என்று யாராவது ஒரு வாரத்தில் படம் போட்டால் அது இந்தக் கீரைதான்.

பண்டாரவளை_வாத்தியார்:

கும்சான் தம்பி சொன்ன குளிரைப் பிடித்துக்கொண்டு நம் மலைக்கு வருவோம். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. முதல் பூட்டுக்கு அது அளவெடுத்துச் செய்தது போல. வேறு நாடுகளில் சூட்டைக் கட்டுப்படுத்தப் பாடுபடுகிறார்கள், உங்கள் வீட்டுப் பின்பக்க நிழலில் ஒரு மணல் பெட்டி வைத்தால் போதும்.

இரண்டாவதுதான் சிக்கல். தை, மாசியில் சில இரவுகளில் புல்லில் உறைபனி பிடித்துக் கொழுந்து கருகுகிறது, உண்மை. ஆனால் அதே நாள் நடுப்பகலில் 20 பாகை வெயில். மண்ணுக்குள் இரண்டு விரற்கடை ஆழத்தில் மூன்று மாதம் விடாமல் 5 பாகை என்பது நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியில் கூடக் கிடைக்காது. வித்து இரவுக் குளிரைக் கணக்கெடுக்கும்போதே பகல் சூடு வந்து குறுக்கிடும். அதனால் முதல் பாதியை மலை செய்து தரும், இரண்டாம் பாதியைப் பிரிட்ஜின் மரக்கறிப் பெட்டியில்தான் நீங்கள் செய்ய வேண்டும். 4 பாகை இருக்கிறதா என்று ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள். ஈரமணலோடு, மூடியில் துளை போட்ட டப்பாவில் வையுங்கள்.

உரக்கடை_ஹட்டன்:

இவ்வளவு சுற்றுவானேன்? கிழங்கு விதையின் உறக்கம் கலைக்கக் கிபரலிக் அமிலத் தூள் பாவிக்கிறோமே. அதே தூளில் ஊறவைத்தால் பிரிட்ஜும் வேண்டாம், மூன்று மாதமும் வேண்டாம். அக்கா சொன்ன விகிதம் அப்படியே மாறிவிடும் அல்லவா?

சோதனைக்குழாய்:

பாதி மாறும். ஜின்செங் ஆய்வுகளில் லீற்றருக்கு 100 மில்லிகிராம் கிபரலிக் அமிலம், ஒரு நாள் ஊறல் என்பது அடிக்கடி காணும் அளவு. அது முளையத்தின் வளர்ச்சியை விரைவுபடுத்துகிறது, ஓடு வெடிப்பதும் முந்துகிறது, குளிரின் பங்கில் ஒரு பகுதியையும் ஈடுசெய்கிறது. தூளை நேரே தண்ணீரில் கொட்டினால் சரியாகக் கரையாது, கொஞ்சம் மதுசாரத்தில் கரைத்துவிட்டுத் தண்ணீர் சேர்க்க வேண்டும்.

ஆனால் அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்குக் கிபரலின் கண்டுபிடித்த கதையே சாட்சி. தாய்வானில் நெற்பயிர் ஒரு பூஞ்சண நோயால் ஒல்லியாக, வெளிறி, மற்றப் பயிருக்கு மேலே நீண்டு, பிறகு சாய்ந்து செத்தது. 1926இல் குரோசாவா அந்தப் பூஞ்சணம் சுரக்கும் பொருளே காரணம் என்று காட்டினார். அந்தப் பொருள்தான் கிபரலின். உங்கள் கடைத் தூளும் அதே சரக்குத்தான். ஆறு வருடம் நிலத்தில் நிற்க வேண்டிய செடியை முதல் மாதத்திலேயே நெட்டையாக்கி விட எனக்கு மனம் வராது. கிபரலின் சேர்த்துக்கொள்ளுங்கள், குளிரையும் கொடுங்கள்.

இன்னொரு விஷயத்தை யாரும் இன்னும் தொடவில்லை. விதையோடு இது முடிவதில்லை. ஜின்செங்கின் தண்டும் இலையும் ஒவ்வோர் ஆண்டும் பட்டுப்போகும். வேரின் கழுத்தில் ஒரு மொட்டு மட்டும் மிஞ்சும். அந்த மொட்டுக்கும் உறக்கம் உண்டு, அதற்கும் 10 பாகைக்குக் கீழே மூன்று மாதத்துக்குக் கிட்டக் குளிர் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு தளிர் வராது, வந்தாலும் தாறுமாறாகவும் நோஞ்சானாகவும் வரும். இது ஒவ்வோர் ஆண்டும், ஆறு வயது வேர் வேண்டுமென்றால் அத்தனை குளிர்காலமும்.

கந்தப்பளை_கரட்காரன்:

> இது ஒவ்வோர் ஆண்டும்

அப்போ வருடா வருடம் வேரைத் தோண்டிப் பிரிட்ஜில் வைத்து மறுபடி நட வேண்டுமா?! வீட்டில் பால் வைக்கவே இடம் இல்லை என்று திட்டு வாங்குகிறேன்.

சோதனைக்குழாய்:

சட்டியில் வளர்த்துக் குளிர் அறையில் வைக்கலாம், பத்துச் செடி என்றால் பொழுதுபோக்கு. காணியில் பயிராகச் செய்வதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தேயிலைத்தூர்:

நுவரெலியாவுக்குப் பக்கத்து ஹக்கலைத் தாவரவியல் தோட்டத்தை 1861இல் தொடங்கியதே கொயினா மருந்து தரும் சின்கோனா மரத்துக்காகத்தான். வெளியூர்ப் பயிரைக் கொண்டுவந்து பார்ப்பது இந்த மலைக்குப் புதிதில்லை. ஆனால் சின்கோனாவும் தேயிலையும் குளிர்கால உறக்கம் கேட்காத பயிர்கள், அதனால் பிடித்துக்கொண்டன. ஜின்செங் கேட்பது இங்கே இல்லாத ஒரு பருவத்தை.

உரக்கடை_ஹட்டன்:

மொட்டுக்கும் கிபரலின் தெளிக்கலாமே, அதற்கும் வேலை செய்யும் என்று கேள்விப்பட்டேன்.

சோதனைக்குழாய்:

வேலை செய்யும். வேரை ஊறவைத்து மொட்டின் உறக்கத்தைக் கலைத்திருக்கிறார்கள். வருடா வருடம் அதைச் செய்து, கூலி கொடுத்து, பிறகு அந்த வேரைக் கொரிய வேரின் விலைக்கு யார் வாங்குவார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கந்தப்பளை_கரட்காரன்:

சரி, காணிக் கதையை விட்டேன். அனுமதி எடுத்து, மச்சானிடமிருந்து வாய் பிளந்த விதை ஒரு கைப்பிடி மட்டும் எடுப்பிக்கிறேன், மூத்த மகள் உயர்தரம் உயிரியல் படிக்கிறாள், அவளுக்கு ஆசை. அதுவரை அவளுக்குக் காட்ட இங்கே ஏதாவது இருக்கிறதா சேர்?

பண்டாரவளை_வாத்தியார்:

உங்கள் கையிலேயே இருக்கிறது தம்பி. கரட்டும் ஜின்செங்கும் ஒரே வரிசைத் தாவரங்கள், வல்லாரையும் அதே வரிசைதான். கரட் வித்திலும் முளையம் சின்னது, சுற்றிலும் வித்தகவிழையம். ஈரம் பட்டபின் முளையம் உள்ளேயே வளர்ந்த பிறகுதான் வேர் வெளியே வரும். கரட் முளைக்க முள்ளங்கியை விட நாள் பிடிக்கிறதே, அதில் ஒரு பங்கு இதற்குத்தான். குளிர் மட்டும் அது கேட்காது.

ஈரத்தாளில் கரட் வித்தைப் பரப்பி, நாளுக்கு நாலைந்தாக எடுத்து நெடுக்காக வெட்டி, கைவில்லையால் முளையத்தின் நீளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து பூசிய வித்து என்றால் கையுறை போட வேண்டும். முதல் நாள் வித்தையும் ஓர் இரவு ஊறவைத்துவிட்டே வெட்ட வேண்டும், காய்ந்தபடி வெட்டினால் நொறுங்கிவிடும். பிளேடு புதிதாக இருக்கட்டும்.